மேத்திஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் ‘சூழ்மதி’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட், ஒடிசி காப்பியங்களில் வரும் ‘மேத்திஸ்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்ற நம் கேள்விக்கு ஞானம், தந்திரம், மதிநுட்பம் ஆகிய மூன்றும் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் இலியட் 23ஆம் பாகத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். தேர்ப்பந்தயத்துக்கு முன் முதிய அரசர் நெஸ்டர், மெதுவான குதிரைகளை உடைய தம் மகன் அன்டிலோகஸுக்கு அறிவுரை சொல்கிறார். மரம்வெட்டுபவன் வலிமையைவிட மேத்திஸால்தான் சிறக்கிறான், காற்றில் அலைக்கழியும் கப்பலை மாலுமி மேத்திஸால்தான் நேரே செலுத்துகிறான் என்று தொடங்கி, திருப்பத்தில் இடப்பக்கக் குதிரை எல்லைக் கம்பத்தை உரசுவதுபோல் நெருங்க வேண்டும், ஆனால் கல்லில் மட்டும் பட்டுவிடக் கூடாது என்று முடிக்கிறார்.

ஞானம் நம் வழக்கில் பெரும்பாலும் வீடுபேற்றை நோக்கிய சொல். கோடரி பிடித்த கைக்கு அது பொருந்தவில்லை. தந்திரம் ஓரளவு பொருந்தும். பந்தயத்தில் ஒடுங்கிய வழியில் மன்னர் மெனெலாயஸை நெருக்கி முந்திய அன்டிலோகஸ் மீது வஞ்சகக் குற்றச்சாட்டே எழுகிறது. ஆனால் மாலுமியின் கைத்திறனைத் தந்திரம் என்பது அவனுக்கு இழுக்கு. மதிநுட்பம் வள்ளுவர் அமைச்சருக்கு உரைத்த அருமையான சொல் (குறள் 636). எனினும் அது அறிவின் கூர்மையைச் சொல்கிறதே தவிர, ஆராய்ந்து வழிகாட்டும் செயலைச் சொல்லவில்லை.

அந்தச் செயல்தான் மேத்திஸின் உயிர் என்று கருதுகிறேன். மற்றொரு கிரேக்கக் கவிஞரான ஹெசியட், தெய்வங்களின் பிறப்பைப் பாடிய தியோகனியில் மேத்திஸ் ஒரு பெண்தெய்வம். தேவர்களின் அரசரான ஜீயஸ் அவளை விழுங்கிவிடுகிறார். நன்மை தீமைகளை அவள் உள்ளிருந்தே அவருக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். பிறகு மேத்திஸின் மகளான அத்தீனா என்ற தெய்வம் அவர் தலையிலிருந்து பிறக்கிறாள். இதைப் படித்தபோது ‘சூழ்வார்கண் ணாக ஒழுகலான் மன்னவன்’ என்ற 445ஆம் குறள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. சூழ்தல் என்றால் ஆராய்தல்; சூழ்வார் என்றால் அரசனுக்கு ஆராய்ந்து சொல்பவர். ‘சூழ்ச்சி’ இன்று சதி என்றே பொருள்பட்டுவிட்டதால் அதை அப்படியே எடுக்க இயலாது. ஆனால் வேர்ச்சொல் கெடவில்லை. ஆகவே ‘சூழ்மதி’ என்ற வினைத்தொகையை முன்மொழிகிறேன்.

மேகம் சூழ்ந்த நிலவு என்று வாசகர் மயங்குவாரே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, முதல்முறை வரும் இடத்தில் ஒரு விளக்கம் தந்துவிட்டால் போதும்.

இச்சொல் தெய்வத்துக்கும் மனிதருக்கும் ஒன்றாகவே பொருந்துவதுதான் எனக்குப் பெரிய நிறைவு. ஒடிசி 13ஆம் பாகத்தில், மனிதருள் நீ சிறந்தவன், தேவருள் நான் மேத்திஸால் புகழ்பெற்றவள் என்று அத்தீனா காப்பியத் தலைவன் ஒடிசியஸிடம் சொல்லி இருவரையும் ஒரே அளவுகோலில் நிறுத்துகிறாள். இலியட் முதல் பாகத்தில் வாளை உருவத் தொடங்கிய கிரேக்க வீரன் அக்கிலிஸின் தலைமுடியைப் பின்னாலிருந்து பற்றுபவளும் அவளே; அப்போதும், நீ கேட்பாயானால் உன் சினத்தைத் தணிக்க வந்தேன் என்றே சொல்கிறாள். அவள் தருவது ஆணையைவிட ஆலோசனைக்கே நெருக்கமானது.

ஒடிசியஸின் அடைமொழியான ‘பொலுமேத்திஸ்’ (மேத்திஸ் மிக்கவன்) என்பதைப் ‘பல்சூழ்மதியன்’ எனலாம். தெய்வத்தின் பெயராக வரும்போது மட்டும் மேத்திஸ் என்றே எழுதுவோம். ஒடிசி 9ஆம் பாகத்தில் ‘யாரும் இல்லை’ என்று பொருள்படும் ‘மே திஸ்’ என்ற தொடரோடு இச்சொல் ஒலியால் விளையாடும் சிலேடை தமிழில் தங்காது. அங்கே அடிக்குறிப்புத்தான் வழி.