காசிமேட்டில் 16 எம்எம் குறும்படம்: செலவை எங்கே குறைக்கலாம்?

துறைமுகம்16 கேட்டது:

6 நிமிஷப் படம், கறுப்பு வெள்ளை, வசனம் கிடையாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம், முழுக்கப் பகல் வெளிச்சம். கேமரா கே-3 (சாவி கொடுக்கும் பழைய சோவியத் 16 எம்எம் கேமரா). சத்தம் தனியாகப் பதிவாகும். 3-க்கு 1 விகிதத்தில், அதாவது படத்தில் வரும் நேரத்தைப் போல மூன்று மடங்கு எடுக்க நினைப்பு. ஸ்டாக் (ஃபிலிம்), டெவலப்பிங், ஸ்கேன் (ஃபிலிமைக் கணினிக்கு மாற்றுவது) மூன்றையும் வெளியே கொடுத்தால் பட்ஜெட் தாங்காது. இருப்பது ராயபுரத்தில் ஓர் அறை, ஒரு பாத்ரூம். எதைக் கையால் செய்யலாம்? எதில் கை வைக்கக் கூடாது?

ரீல்கணக்கு:

முதலில் அடிக்கணக்கு போடுங்க. 16 எம்எம்மில் அடிக்கு 40 ஃபிரேம். 24 வேகத்தில், அதாவது நொடிக்கு 24 ஃபிரேமில், நிமிஷத்துக்கு 36 அடி ஓடும். 18 நிமிஷம் எடுத்தால் 648 அடி, அதாவது 100 அடி ஸ்பூல் 7. கே-3-இல் 16 வேகமும் இருக்கு. வசனம் இல்லாத படத்துக்கு அதுவே போதும்: நிமிஷத்துக்கு 24 அடி, மொத்தம் 432. ஐந்து ஸ்பூலில் முடிஞ்சிடும். எடிட்டிங்கில் டைம்லைனை 16-க்கே வைச்சுக்கணும், 24-இல் ஓட்டினா எல்லாரும் ஓடுவாங்க.

அடுத்து ஸ்டாக். நெகட்டிவ் வாங்கறதை விட, படத்துக்குப் பிரதி எடுக்கிற பிரிண்ட் ஸ்டாக்கைப் பாருங்க, கோடாக் 3302 மாதிரி. பெரிய ரோலாக வரும், இருட்டில் 100 அடி ஸ்பூலுக்கு நீங்களே சுத்திக்கணும். வெளிச்சத்தைப் பிடிக்கிற வேகம் ரொம்பக் குறைவு, ஐஎஸ்ஓ 6 என்று வைத்துத் தொடங்குங்க. சென்னை வெயிலில் அது பிரச்சினையே இல்லை: 16 வேகத்தில் லென்ஸ் துவாரம் எஃப் 5.6-க்கும் 8-க்கும் நடுவில் வரும், 24-இல் 5.6. காலை 7 மணிக்கு முன்னால் மட்டும் தடுமாறும்.

இதில் தெரிஞ்சு ஏத்துக்க வேண்டியது நாலு.

நீலத்துக்கு மட்டும்தான் இந்த ஸ்டாக் அசையும். வானம் வெள்ளையா எரியும், சிவப்புப் படகு கறுப்பாகும், மாநிற முகம் கன்னங்கரேல்னு விழும். முகம் முக்கியம்னா வெயிலை முன்பக்கம் வாங்குங்க, இல்லைன்னா ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டுங்க.

அடித்தளம் பாலியஸ்டர். ஜாம் ஆனா ஃபிலிம் அறுகாது, கேமராவின் பல்தான் போகும். சத்தம் மாறின அந்த நொடியே விரலை எடுத்துடணும். ஒட்டுறதுக்கு சிமெண்ட் பிடிக்காது, டேப் மட்டும்தான். பாலியஸ்டர் விளிம்பு வழியா வெளிச்சத்தையும் உள்ளே கடத்தும், அதனால வெயிலில் நின்னு லோடு பண்ணாதீங்க.

பிரிண்ட் ஸ்டாக்கின் ஓரத் துளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி கேமரா ஸ்டாக்கை விட ஒரு துளி அதிகம். பெரும்பாலும் ஓடும், சில கேமராவில் படம் லேசா நடுங்கும்.

நாலாவது விஷயம், கேமரா சம்பந்தப்பட்டது. கே-3 தானா லூப் (ஃபிலிமின் தளர்வான வளைவு) போடும் அந்த வளைவுத் தகடுகள் கோடு கிழிக்கறதுக்குப் பேர் போனவை. வேண்டாத மூணு அடி ஃபிலிமை ஓட்டி, வெளிச்சத்தில் சாய்ச்சுப் பாருங்க. கோடு தெரிஞ்சா தகடுகளைக் கழட்டிட்டு கையால் லூப் போடுங்க.

சிவப்புவிளக்கு:

மேலே சொன்ன ஸ்டாக்குக்கு ஒரு பெரிய லாபம் விட்டுப்போச்சு. நீலத்துக்கு மட்டும் அசையறதால சிவப்பு விளக்கில் வேலை செய்யலாம். ஒளி புகாத சுருள் டேங்குக்குக் காசு போட வேண்டாம், ஃபிலிமைச் சுத்திக் கரைசலில் சுழற்றுற டிரம் போதும்.

160 எம்எம் பிவிசி குழாய், 40 செமீ நீளம். ஒரு சுற்று 50 செமீ, 18 எம்எம் இடைவெளியில் 20 சுற்று சுத்தினா 10 மீட்டர். எமல்ஷன் (படம் விழுகிற பூச்சு) வெளிப்பக்கம். கீழே 200 எம்எம் குழாயை நீளவாக்கில் பாதியா அறுத்து, ரெண்டு முனையையும் அடைச்ச தொட்டி. 2 லிட்டர் கரைசல் போதும். கைப்பிடி வைச்சு நிமிஷத்துக்கு 20, 30 சுற்று. பக்கெட்டில் திணிச்சு அலசுற முறையில் ஃபிலிம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிக்குதிரை ஆகிடும், அதுக்குப் போகாதீங்க. 100 அடிக்கு மூணு டிரம் வரும். அதனால 33 அடிக்கு ஒரு தடவை ஷாட்டை நிறுத்தி, ஒரு நொடி லென்ஸ் மூடியைப் போட்டு ஓட்டுங்க, வெட்ட இடம் கிடைக்கும்.

டெவலப்பர் டி-76. லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால், அது கரைஞ்ச பிறகுதான் மீதி சல்ஃபைட். மாத்திப் போட்டா மெட்டால் கரையாது. சம அளவு தண்ணி கலந்து ஒரு டிரம்முக்கு ஒரு தடவை மட்டும். ஐந்து ஸ்பூலுக்கு 15 டிரம், தண்ணி கலக்காத டெவலப்பர் 15 லிட்டர்: சல்ஃபைட் ஒன்றரை கிலோ, மெட்டால் 30 கிராம், ஹைட்ரோகுவினோன் 75, போராக்ஸ் 30. பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகளில் கேளுங்க. பிரிண்ட் ஸ்டாக் கான்ட்ராஸ்ட் எகிறும். துண்டு ஃபிலிமை 3, 4, 5, 6 நிமிஷம்னு போட்டு முதலில் பாருங்க.

அடுத்து, படத்தை நிலைநிறுத்துற ஹைப்போ லிட்டருக்கு 250 கிராம். ஃபிலிம் கண்ணாடி மாதிரி ஆக எவ்வளவு நேரம் ஆகுதோ அதைப் போல ரெண்டு மடங்கு விடுங்க.

சூடுதான் இங்கே எதிரி. மே மாசக் குழாய்த் தண்ணி 30-ஐத் தாண்டும், எமல்ஷன் ஜெல்லி மாதிரி இளகி நகம் பட்டா பிஞ்சுடும். காசிமேட்டில் ஐஸுக்கா பஞ்சம்? ஒரு துண்டு வாங்கி டப்பில் போட்டு, கரைசல் பாட்டில்களை அதுக்குள்ளே நிறுத்துங்க. ஐஸைக் கரைசலில் போடாதீங்க. டெவலப்பர் 24 டிகிரி, மத்ததெல்லாம் அதிலிருந்து 2 டிகிரிக்குள். கழுவுற தண்ணி உட்பட.

துறைமுகம்16:

நன்றி ஜி. காபித்தூளில் டெவலப் பண்றதா படிச்சேன். அது இன்னும் மலிவில்லையா? அலசின பிறகு மொட்டை மாடியில் காயப்போடலாமா?

சிவப்புவிளக்கு:

லிட்டருக்கு வாஷிங் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16, இன்ஸ்டன்ட் காபி 40, 20 டிகிரியில் 15 நிமிஷம். இதுதான் வழக்கமான அளவு. நம்ம ஊர்ல ரெண்டு இடத்தில் சறுக்கும். பல பாக்கெட்டில் 30 சதவீதம் சிக்கரி, சிக்கரிக்கு வேலை கிடையாது. பின்பக்கம் படிச்சுட்டு, சிக்கரி இல்லாததா வாங்குங்க. சோடாவில் 54 என்பது நீரற்ற பொடிக்கு, கற்கண்டு மாதிரி படிகமா இருந்தா 146 கிராம் வேணும். அதுக்கு மேல 20 டிகிரிக்குக் குளிர வைக்கிற ஐஸ் செலவு. டிரம்முக்கு 2 லிட்டர்னு 15 டிரம்முக்கு 30 லிட்டர், அதுக்கு 1.2 கிலோ காபி. மலிவுன்னு யார் சொன்னது?

மாடி வேண்டாம். ராயபுரத்துக் காத்தில் உப்பும் தூசியும் ஈர எமல்ஷனில் பதிஞ்சிடும். பாத்ரூம் தரையை நனைச்சு, கதவைச் சாத்தி, உள்ளேயே கொடி கட்டுங்க. கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணியில், போர் தண்ணி வட்ட வட்டமா கறை விடும். தீர்ந்த ஹைப்போவில் வெள்ளி இருக்கும், ஸ்டீல் உல் போட்டு வைச்சா படிஞ்சிடும். அப்படியே சாக்கடையில் ஊத்தாதீங்க.

கியர்செட்:

ஸ்கேன் பத்தி யாரும் பேசலை. ஐந்து ஸ்பூல் என்றால் 20,000 ஃபிரேம். மிரர்லெஸ் கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்தால் 20,000 கிளிக் தேயும், எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றுங்கள். அதைவிட ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியோடு இணையும் எச்கியூ கேமரா நல்லது, ரிச்சி தெருவில் விசாரியுங்கள். சென்சார் அகலம் சுமார் 6.3 எம்எம், ஃபிரேம் 10.26, ஆகவே உருவம் 0.6 மடங்காக விழ வேண்டும். 50 எம்எம் என்லார்ஜர் லென்ஸும் அதைத் தள்ளிப் பொருத்த சில சி-மவுண்ட் வளையங்களும் போதும்.

பழைய 16 எம்எம் புரொஜெக்டரில் பல்பு, மோட்டார், ஷட்டர் தகடு மூன்றையும் எடுத்துவிட்டு, கியர் மோட்டாரில் நொடிக்கு ஒரு ஃபிரேம் ஓட்டுங்கள். ஃபிரேமுக்கு ஒரு தடவை சுற்றும் தண்டில் காந்தம், பக்கத்தில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார், அதுவே கேமராவைத் தட்டும். மொத்தம் ஐந்தரை மணி நேரம். பல்புக்குப் பதில் வைக்கும் எல்இடியை நிலையான கரண்டில் ஓட்டுங்கள். டிம்மர் போட்டால் பட்டை பட்டையாக வரும். ஃபிலிமிலேயே நேர்ப்படம் வரவைக்கும் ரிவர்சல் எல்லாம் வேண்டாம், நெகட்டிவாகவே எடுத்துக் கணினியில் திருப்பிக்கொள்ளலாம். நடுக்கத்தையும் துளையின் விளிம்பைப் பிடித்து அங்கேயே நிறுத்தலாம்.

கை வைக்கக் கூடாத இடம் கேட்டீர்கள்: கேட், அதாவது லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் நிற்கும் சட்டம். ஒவ்வொரு ஸ்பூலுக்கும் முன்னால் கேமரா கேட்டை மரக்குச்சியால் சுத்தம் செய்யுங்கள், இரும்பு வேண்டாம். முடியோ துகளோ ஒட்டியிருந்தால் அந்த 100 அடி முழுக்க வரும்.

கலரில் எடுக்கும் ஆசை வந்தால் லேபுக்கே கொடுங்கள். கலர் டெவலப்பருக்கு வேண்டிய 41 டிகிரியை அரை டிகிரிகூட நகராமல் பாத்ரூமில் பிடிப்பது நடக்காத காரியம்.