.38 ரிவால்வருக்கு உதை கம்மியான டார்கெட் தோட்டா: கையால லோடு பண்றவங்க அனுபவத்த சொல்லுங்க

ஏரிக்கரை வாசி (ஓஹியோ):

சுட்ட பித்தளைக் கூட்டுல (கேஸ்) திரும்ப மருந்தும் குண்டும் போட்டு வீட்லயே தோட்டா லோடு பண்றதப் பத்தி தமிழ்ல யாரும் எழுதி நான் பாத்ததில்ல, சரி நாமளே ஆரம்பிப்போம்னு தான். நான் சுடறது புல்ஸ்ஐ மேட்ச், அதாவது ஒத்தக் கையில நின்னு 50 கஜத்துல 10 நிமிஷத்துல 10 குண்டு, அப்புறம் 25 கஜத்துல 20 செகண்டுக்கு 5, கடைசியா 10 செகண்டுக்கு 5. இந்தக் கடைசி ரவுண்டு இருக்கே, ரிவால்வர் காரனுக்கு அது தான் பேதி, ஏன்னா ஆட்டோமேட்டிக் வச்சிருக்கவன் சும்மா டிரிகர் மட்டும் இழுத்தா போதும், நாம ஒவ்வொரு குண்டுக்கும் கட்டை விரலால ஹேமர இழுத்து, திரும்ப பிடிய சரி பண்ணி, குறி பாத்து, அதுக்குள்ள நேரம் போயிடும். துப்பாக்கி மேல தூக்கி அடிச்சா பிடி கலைஞ்சிரும். அதனால தான் உதை கம்மியா இருக்கற தோட்டா வேணும்கறது, கை வலிக்குதேன்னு இல்ல.

.38 ஸ்பெஷல்ல இதுக்குன்னே இருக்கற குண்டு வாட்கட்டர். 148 கிரெய்ன் ஈயம், கிராம் கணக்குல 9.6 சொச்சம், மூக்கே கிடையாது, தட்டையா வெட்டி வச்ச சிலிண்டர் மாதிரி இருக்கும், கேஸ் வாய்க்கு சமமா உள்ள அமுங்கி உக்காந்திருக்கும். மொத தடவ பாக்கறவங்க இதுல குண்டு எங்கன்னு தான் கேப்பாங்க. வேகம் செகண்டுக்கு 700 அடிய ஒட்டி, அவ்வளவு தான். பேப்பர்ல பஞ்சிங் மெஷின்ல போட்ட மாதிரி வட்டமா ஓட்டை விழும். மூக்கு உருண்டையான குண்டு பேப்பர கிழிச்சுட்டு போகும், ஓட்டை சின்னதா ஓரம் பிஞ்சு தெரியும். கோட்ட தொட்டா பெரிய மார்க்குங்கற விளையாட்டுல சுத்தமான ஓட்டைக்கு ஒரு மதிப்பு இருக்குல்ல.

கடையில வாட்கட்டர் கிடைக்கும் தான், ஆனா எல்லா கடையிலயும் இருக்காது, விலையும் கடிக்கும். 2020, 21ல பிரைமரே (கேஸ் அடியில இருந்து மருந்த பத்த வைக்கற சின்ன மூடி) கிடைக்காம எல்லாரும் அலைஞ்சப்ப தான் எங்க ரேஞ்சுல இருக்கற பழைய ஆளுங்களோட அலமாரி எவ்வளவு நிறைஞ்சு இருக்குன்னு தெரிஞ்சுது.

சரி விஷயத்துக்கு வரேன். அளவு எவ்வளவு போடணும்னு நான் இங்க எழுத மாட்டேன், கேக்காதீங்க. நீங்க வச்சிருக்கற பவுடர், குண்டு, இதுக்கு அந்தந்த கம்பெனி மேனுவல்ல போட்டிருக்கும், அதுல இருந்து மட்டும் எடுங்க. நான் சொல்ல வர்றது வேற. .38 ஸ்பெஷல் 1898 வாக்குல வந்தது, கருமருந்து காலத்து வடிவம், அதனால கேஸ் நல்லா விசாலமா இருக்கும். இப்ப வேகமா எரியற புகையில்லா மருந்து போடறோம், டார்கெட் லோடு பெரும்பாலும் 3 கிரெய்னுக்குள்ள முடிஞ்சிரும். ஒரு பவுண்டு மருந்துன்னா 7000 கிரெய்ன், அப்ப ஒரு டப்பா எத்தன தோட்டாவுக்கு வரும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. சிக்கனம் தான், ஆனா கேஸ் அடியில அது ஒரு சிட்டிகையா கிடக்கும், அதே கேஸ்ல ரெண்டாவது தடவ மருந்து விழுந்தாலும் வழியாது, மூணாவது தடவயும் உள்ள போயிரும். மருந்து நெறய போடற மேக்னம் லோடுல ரெண்டு தடவ விழுந்தா கொட்டி நாறிடும், உடனே தெரியும். இங்க ஒண்ணுமே தெரியாது. ஆக மென்மையான லோடு தான் கண்ண மூடிட்டு பண்ண முடியாத லோடு.

அதனால ஒரே இழுப்புல பல வேல நடக்கற புரோகிரஸிவ் மெஷின் பக்கமே நான் போகல. ஒரு தடவ இழுத்தா ஒரு வேல மட்டும் நடக்கற பிரஸ், 50 கேஸ் ஒரு பலகையில நிக்க வச்சு, எல்லாத்துக்கும் மருந்து போட்டு முடிச்சப்புறம் டார்ச் அடிச்சு வரிசையா உள்ள பாப்பேன். ஏதாவது ஒண்ணுல மட்டம் மாறி தெரிஞ்சா அத கொட்டிட்டு திரும்ப போடறது. அந்த நேரத்துல ஃபோன் எடுக்க மாட்டேன். வீட்டுக்காரம்மா கூப்பிட்டாலும் "வரேன்"னு சொல்லிட்டு பாத்து முடிச்சுட்டு தான் எந்திரிப்பேன், அதுக்கு கிடைக்கற அர்ச்சனை தனி.

நீங்க எப்படி பண்றீங்க, ரேஞ்சுல என்னென்ன பாத்தீங்க, எழுதுங்க.

டல்லாஸ் தம்பி:

அண்ணே சூப்பர் டாபிக். நான் லோடு பண்ண ஆரம்பிக்கல, ஆனா ரேஞ்சுல பாத்தத சொல்றேன். பக்கத்து லேன்ல ஒரு பெரியவர் ரிவால்வர்ல சுட்டுட்டு இருந்தாரு, நடுவுல ஒண்ணு மட்டும் "டப்"புன்னு சத்தமே இல்லாம போச்சு, உதையும் இல்ல போல, பேப்பர்லயும் ஓட்டை இல்ல. அவரு அடுத்தத சுட ஹேமர இழுக்கறாரு, ரேஞ்ச் ஆபீசர் பின்னாடி இருந்து போட்டாரு பாருங்க ஒரு சத்தம், எங்க லேன் எல்லாமே நின்னுடுச்சு. சிலிண்டர திறந்து காலி பண்ணி பாத்தா குண்டு பேரல் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. மருந்தே விழாத கேஸாம், பிரைமர் மட்டும் வெடிச்சு குண்ட பேரலுக்குள்ள தள்ளி விட்டிருக்கு. அடுத்தத சுட்டிருந்தா பேரல் உப்பியிருக்கும் இல்ல பொளந்திருக்கும்னு சொன்னாங்க. ஸ்க்விப்னு பேரு. லைட் லோடுல சாதா சத்தமே கம்மி, அதுலயும் இது கம்மியா கேட்டா வித்தியாசம் புரியறது கஷ்டம் தான் போல.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க நெறய பேர் எச்1பி விசால இருக்கோம், இத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. விசால இருக்கறவங்க துப்பாக்கியும் சரி தோட்டாவும் சரி வச்சிருக்கவே கூடாதுங்கறது தான் ஃபெடரல் சட்டத்துல பொது விதி, செல்லுபடியாகற ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு. கிரீன் கார்டு வந்துட்டா இந்தத் தடை இல்ல. ஃப்ரெண்டு வீட்டு கராஜ்ல சும்மா உக்காந்து லோடு பண்ணிக் குடுக்கறேன்னு போயிடாதீங்க, வக்கீல் கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு போங்க.

கோவை ஷூட்டர்:

சார் வணக்கம், நான் இந்தியாவுல செண்டர் ஃபயர் பிஸ்டல் சுடறவன், .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். எங்களுக்கும் வாட்கட்டர் தான், 98, 100 கிரெய்ன்ல வெளிநாட்டு சரக்கு. ஈவென்ட்ல மொத்தம் 60 குண்டு, பாதி பிரிசிஷன் பாதி ரேபிட். 2006 தோஹா ஏஷியன் கேம்ஸ்ல ஜஸ்பால் ராணா இதுல தான் 590 அடிச்சு உலக சாதனைய சமன் பண்ணாரு, அப்ப அவருக்கு உடம்பு சரியில்ல, காய்ச்சலோட சுட்டாருன்னு எங்க கோச் இன்னைக்கும் சொல்லிக் காட்டுவாரு, நாங்க தும்முனா கூட அந்தக் கதைய எடுத்துருவாரு.

நம்ம ஊர்ல இத படிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். வீட்ல தோட்டா லோடு பண்றது இங்க ஹாபி கிடையாது. 1959 ஆயுதச் சட்டத்துல லைசென்ஸ் இல்லாம தயாரிக்கறதே குத்தம், 2019ல சட்டத்த திருத்தி தண்டனைய குறைஞ்சது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள்னு ஏத்தி வச்சிருக்காங்க. துப்பாக்கி லைசென்ஸ் கையில இருக்கேன்னு இதுல இறங்க முடியாது. அதனால நாங்க பண்றது லாட் டெஸ்டிங் தான். ஒரே கம்பெனி, ஒரே பேரு, ஆனா பெட்டியில லாட் நம்பர் மாறினா குரூப்பும் (குண்டுங்க பேப்பர்ல சேர்ந்து விழற வட்டம்) மாறும். கிடைக்கற லாட்டுல நம்ம துப்பாக்கிக்கு எது சேருதோ அத பிடிச்சு வச்சுக்கணும். நீங்க கராஜ்ல பண்றத நாங்க கடையில பொறுக்கி எடுக்கறோம். பொறாமையா தான் இருக்கு சார்.

ஏரிக்கரை வாசி:

கோவை சார், பொறாமப்படாதீங்க, இங்க பாதி நேரம் பித்தளை கேஸ பொறுக்கறதுலயே போயிடுது. அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. வாட்கட்டர் குண்டு கேஸுக்குள்ள ஆழமா இறங்கும், சாதா .38 கேஸ் உள்ள போகப் போக சுவர் தடிச்சுக்கிட்டே வரும், அங்க மெத்து ஈயம் நசுங்கி அடிப்பக்கம் சைஸ் கொறஞ்சிரும். வாட்கட்டருக்குன்னே செஞ்ச கேஸ்ல சுவர் அடி வரைக்கும் மெலிசா நேரா போகும். அத தனியா பிரிச்சு வச்சுக்கோங்க. கேஸ் நீளம் ஏறுக்கு மாறா இருந்தா கிரிம்ப்பும் (குண்ட பிடிச்சுக்க கேஸ் வாய உள்ள மடக்கறது) ஏறுக்கு மாறா விழும், கிரிம்ப் மாறினா சின்ன மருந்து ஒழுங்கா பத்தி எரியறதும் மாறும். குண்டு வைக்கறதுக்கு முன்னாடி கேஸ் வாய ஒரு துளி விரிச்சுக்கணும், இல்லன்னா உக்கார வைக்கறப்ப ஈயத்த சீவி எடுத்துரும், அதுக்காக ரொம்ப விரிச்சா கேஸ் வாய் சீக்கிரம் கீறல் விட்டுரும். பிரைமர் கேஸ் அடிக்கு ஒரு மயிரிழை உள்ள தள்ளி உக்காரணும், வெளிய துருத்திட்டு இருந்தா சிலிண்டர் சுத்தாது, ரேபிட் ரவுண்டுல அப்படி மாட்டுனா அழுகையே வரும்.

டெக்சாஸ் அக்கா:

தம்பிங்களா, நான் .357 மேக்னம் ரிவால்வர்ல .38 வாட்கட்டர் சுடறவ. எல்லாரும் மருந்து மருந்துன்னு பேசறீங்க, துப்பாக்கிய யாரும் பாக்க மாட்டேங்கறீங்க. எனக்கு குரூப்ல எப்பவும் ஒண்ணு மட்டும் தள்ளி விழும், நான் என் டிரிகர் தான் சரியில்லன்னு தோட்டா இல்லாம டிரிகர் இழுத்துப் பழகற டிரை ஃபயர் பண்ணிக்கிட்டே கிடந்தேன். ஒரு வயசானவர், போலீஸ்ல இருந்தப்ப பிபிசி (PPC) மேட்ச், அதாவது போலீஸ்காரங்களுக்குன்னு வந்த துப்பாக்கிப் போட்டி, சுட்டவராம், சிலிண்டர்ல ஆறு அறைக்கும் நம்பர் எழுதச் சொன்னாரு. ஒவ்வொரு அறைக்கும் தனி பேப்பர், சாண்ட்பேக்ல வச்சு, அந்த அறையில மட்டுமே போட்டு போட்டு சுடணும். சுட்டு பாத்தா அஞ்சு அறை ஒரே எடத்துல குத்துது, ஒண்ணு மட்டும் வலது பக்கம் ஓடுது! புல்ஸ்ஐல அஞ்சஞ்சு குண்டா தான சுடறோம், அந்த அறைய காலியா விட்டுட்டேன், மார்க் தானா ஏறிடுச்சு. ஆறு துப்பாக்கிய ஒண்ணா கட்டி வச்சது தான் ரிவால்வர்னு அவரு சொல்லுவாரு, ரொம்ப சரி.

அப்புறம், மருந்து கேஸுக்குள்ள முன்னாடி சாஞ்சு கிடக்கா பின்னாடி கிடக்காங்கறதுக்கே வேகம் மாறும். துப்பாக்கி வாய கீழ சாச்சு மெதுவா தூக்கி சுட்டா மருந்து குண்டு பக்கம், மேல தூக்கிட்டு இறக்கி சுட்டா பிரைமர் பக்கம். குண்டு வேகம் அளக்கற க்ரோனோகிராஃப் வச்சு பாருங்க, பிரைமர் பக்கம் கிடந்தா வேகம் கூடுதலா காட்டும், நம்பர் குதிக்கும். அதனால ஒவ்வொரு தடவயும் கைய ஒரே மாதிரி கொண்டு வரணும். கவ்பாய் ஷூட்டிங்காரங்க டிரெயில் பாஸ்னு ஒரு மருந்து போடுவாங்க, நடுவுல ஓட்டை போட்ட சின்ன சின்ன வடை மாதிரி இருக்கும், எடை கம்மி இடம் அடைக்கும், ரெண்டு தடவ விழுந்தா கண்ணுக்கு தெரியும். ஆனா இப்ப அது கடையில கண்ணுலயே படல.

மேக்னம் அறையில நீளம் கம்மியான .38 சுட்டா கேஸ் வாய் முடியற எடத்துல கரி வளையம் படியும், அத தேய்க்காம விட்டா அடுத்து .357 கேஸ் உள்ள இறங்காது. இறங்கலயேன்னு அமுக்காதீங்க, பிரஷ் போடுங்க.

வீட்ல குழந்தைங்க இருக்கறவங்களுக்கு: சுட்ட பிரைமர் சாம்பல்ல ஈயம் இருக்கும், கேஸ் பாலிஷ் பண்ற தூசியில இருக்கும். ஈரத்துணியால தொடைங்க, சாதாரண வாக்குவம் போட்டா காத்துல தான் பறக்கும். அந்த டேபிள்ல காபி டம்ளர் கூடாது. அந்தச் சட்டையோட புள்ளைய தூக்காதீங்க.

டல்லாஸ் தம்பி:

அக்கா ஆறு துப்பாக்கி மேட்டர் செம. ஒரு டவுட்டு, உதை இன்னும் கொறையணும்னா மேனுவல்ல போட்ட குறைஞ்ச அளவுக்கும் கீழ போலாமா? செப்பு உறை போட்ட குண்டுல பண்ணலாமா, ஈயம் தொடவே வேணாமே?

ஏரிக்கரை வாசி:

கூடாது தம்பி, ரெண்டும் கூடாது. செப்பு உறை பேரல்ல உரசறது ஈயத்த விட அதிகம், மருந்த கொறச்சு அத தள்ளச் சொன்னா நீ பாத்த அந்தப் பெரியவர் கதை தான், பாதியில நின்னுக்கும். மேனுவல்ல கீழ் எல்லைன்னு ஒண்ணு போட்டிருக்கறதே அதுக்கு தான். உதை கொறையணும்னா கனமான துப்பாக்கி பிடி, பழைய கே-38 மாதிரி ஆறு இஞ்ச் பேரல் உள்ளது, கைக்கு அடங்கற கிரிப் மாத்து. ஈயம் தொட பயமா இருந்தா பாலிமர் பூச்சு போட்ட ஈய வாட்கட்டர் விக்கறாங்க, கையிலயும் ஒட்டாது, பேரல்லயும் ஈயம் கம்மியா படியும். வாங்கறதுக்கு முன்னாடி சிலிண்டர காலி பண்ணி கழட்டி, முன்பக்க வாய்ல ஒரு குண்ட விரலால தள்ளிப் பாரு. லேசான இறுக்கத்தோட போகணும். தானா விழுந்துட்டா சைஸ் சின்னது, பேரல் பூரா ஈயம் அப்பும். குண்டு விட்டம் .358 இஞ்ச் வாங்கற எடத்துல கடைக்காரன் .357 குடுத்துட்டு போயிடுவான், பெட்டிய படிச்சு வாங்கு.

அந்த ரேஞ்ச் ஆபீசர் எந்த ஊரு? அடுத்த மேட்ச்சுக்கு எங்க பக்கம் கூட்டிட்டு வாயேன், இங்க இருக்கறவரு பாதி நேரம் தூங்குறாரு.