கணவர் டெக்ஸாஸில், நான் நியூ ஜெர்சியில்: மாநில வரியை எப்படி ஃபைல் செய்வது?

எடிசன்_அம்மா:
வணக்கம். 2023 நவம்பரில் கணவர் வேலை மாறி டாலஸ் பக்கம் பிளேனோவுக்குப் போனார். உண்மையில் பிரிந்துவிட்டோம், விவாகரத்து வழக்கு இன்னும் போடவில்லை. நானும் மகளும் எடிசனில், இருவர் பெயரிலும் உள்ள வீட்டில் இருக்கிறோம். 2024க்கு ஜாயின்டாகவே (இருவருக்கும் சேர்த்து ஒரே ரிட்டர்ன்) போடலாம் என்கிறார். போட்டால் அவருடைய டெக்ஸாஸ் சம்பளத்துக்கும் நியூ ஜெர்சி வரி கேட்குமா? மகளைப் பார்க்க மாதாமாதம் வந்து இங்கேதான் தங்குகிறார். 30 நாள் தாண்டினால் அவரும் நியூ ஜெர்சி ரெசிடென்ட்தான் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

வரிக்கணக்கு_சாமி:
கணவன் மனைவி என்பதற்காக இருவருக்கும் ஒரே மாநிலம் என்று கிடையாது, சகோதரி. வருடம் முழுக்க ஒருவர் ரெசிடென்ட், மற்றவர் இல்லை என்றால், ஃபெடரலில் (மத்திய அரசு வரியில்) ஜாயின்ட் போட்டாலும் நியூ ஜெர்சியில் நீங்கள் மட்டும் தனியாகப் போடலாம். அங்கேயும் ஜாயின்ட் போட்டால் இருவரையும் ரெசிடென்டாக எடுத்துக்கொண்டு அவர் சம்பளத்துக்கும் வரி போடுவார்கள். டெக்ஸாஸில் மாநில வருமான வரியே இல்லாததால், அந்தப் பணம் வீணாகத்தான் போகும்.

அந்த 30 நாள் கணக்கு, டொமிசைல் (சட்டப்படி நிரந்தர ஊர்) இன்னும் நியூ ஜெர்சியிலேயே இருப்பவருக்கு. அதிலும் நாள் குறைவாக இருந்தால் மட்டும் போதாது; இங்கே நிரந்தர வீடு இருக்கக் கூடாது, நியூ ஜெர்சிக்கு வெளியே நிரந்தர வீடு இருக்க வேண்டும். டொமிசைல் டெக்ஸாஸுக்கு மாறிவிட்டது என்றால் பார்க்க வேண்டியது 183 நாள். இங்கே வீடும் இருந்து, அதற்கு மேல் தங்கினால்தான் ரெசிடென்ட். எனவே முதலில் கேளுங்கள்: லைசென்ஸ், கார் ரெஜிஸ்ட்ரேஷன், வங்கி முகவரி எல்லாம் மாற்றிவிட்டாரா?

எடிசன்_அம்மா:
கார் மாற்றிவிட்டார். லைசென்ஸ் இன்னும் இங்கத்தையதுதான். எனக்கு ஜாயின்டே வேண்டாம், தனியாகப் போடவா?

பிளேனோ_ராகவி:
போடலாம். ஜாயின்டில் கையெழுத்துப் போட்டால் அவருடைய வரிப் பாக்கிக்கும் நீங்கள் பொறுப்பு. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டெக்ஸாஸ் கம்யூனிட்டி பிராப்பர்ட்டி மாநிலம், அதாவது திருமண காலச் சம்பாத்தியம் இருவருக்கும் பொது. அங்கே 'லீகல் செபரேஷன்' (விவாகரத்து இல்லாமல் சட்டப்படி பிரிவது) கிடையாது, விவாகரத்து ஆகும்வரை அவர் சம்பளத்தில் பாதி சட்டப்படி உங்களுடையது. ஃபெடரலில் தனியாகப் போட்டால் படிவம் 8958 மூலம் அந்தப் பாதியை நீங்கள் காட்ட வேண்டிவரும். அவர் சம்பளத்தில் பிடித்த ஃபெடரல் வரியிலும் பாதி உங்களுக்கு வரும். நியூ ஜெர்சியில் இந்த முறை இல்லை, உங்கள் சம்பளம் முழுக்க உங்களுடையதே.

விலக்கு உண்டு. வருடம் முழுக்கப் பிரிந்து வாழ்ந்து, ஜாயின்ட் போடாமல், அவர் சம்பாதித்த பணம் உங்களுக்கு வராமல் இருந்தால் அவரவர் சம்பளத்தை அவரவர் காட்டினால் போதும். மகளின் பராமரிப்புக் கடமைக்காக அனுப்புவதும் அற்பத் தொகையும் இதில் சேராது. அவர் பணம் அனுப்புகிறாரா? அவர் வந்து தங்கும்போது ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்பதையும் வரி ஆலோசகரிடம் மறக்காமல் சொல்லிக் கேளுங்கள்.

எடிசன்_அம்மா:
மார்ட்கேஜில் பாதி என் அக்கவுண்டுக்கு அனுப்புகிறார்.

பிளேனோ_ராகவி:
அப்படியானால் விலக்கை நம்பி ஃபைல் செய்யாதீர்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டோடு, டெக்ஸாஸ் கேஸ் பார்த்த சிபிஏ (கணக்காளர்) ஒருவரிடம் காட்டுங்கள். ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (குடும்பத்தை நடத்துபவருக்கான வரிப் பிரிவு) கிடைக்குமா என்பதையும் அதே ஸ்டேட்மென்ட்தான் சொல்லும்: வருடத்தின் கடைசி ஆறு மாதம் அவர் அந்த வீட்டில் வசிக்காமல் இருந்து, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கட்டியிருக்க வேண்டும். பாதி மார்ட்கேஜ் அவருடையது என்பதால் மளிகை, கரண்ட், இன்ஷூரன்ஸ் ரசீதுகளையும் எடுத்து வையுங்கள்.