சீனா வெளிநாட்டவருக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்தியது ஏன்?

கேள்வி – நெய்தல்

சீனக் குழந்தைகளை இனி வெளிநாட்டவர் தத்தெடுக்க முடியாது என்று அந்நாட்டின் வெளியுறவு அமைச்சகம் 2024 செப்டம்பரில் அறிவித்தது. மூன்று தலைமுறைக்குள் இரத்த உறவுடைய குழந்தையையோ, வாழ்க்கைத்துணையின் குழந்தையையோ தத்தெடுக்க வருவோருக்கு மட்டும் விலக்கு உண்டு. பிறப்புகள் சரிந்ததுதான் காரணம் என்று பலரும் எழுதினார்கள். 2016இல் சுமார் 1.79 கோடியாக இருந்த பிறப்புகள் 2023இல் 90 லட்சத்துக்கு இறங்கியது உண்மைதான். ஆனால் 2019இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்துப் போன குழந்தைகள் 819 பேர். இந்தச் சிறு எண்ணிக்கையைத் தடுத்து மக்கள்தொகையை யார் மீட்க முடியும்? உண்மையான காரணத்தை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – பழைய ஏடு

உங்கள் ஐயம் நியாயமானது. அமைச்சகம் மக்கள்தொகையைக் காரணமாகச் சொல்லவேயில்லை. சர்வதேச உடன்படிக்கைகளின் நோக்கத்துக்கு ஏற்ற முடிவு என்பதோடு நிறுத்திக்கொண்டது. அந்தச் சுருக்கமான விடைக்குப் பின்னால் முப்பது ஆண்டுக் கதை இருக்கிறது.

1992இல் தத்தெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சீனாவிலிருந்து வெளியே போனார்கள்; அவர்களில் ஏறத்தாழ 82,000 பேர் அமெரிக்காவுக்குப் போனவர்கள். 2005இல் மட்டும் அங்கே போனவர்கள் சுமார் 7,900 பேர். தொடக்கத்தில் இவர்களில் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். ஒரு குழந்தைக் கொள்கையும் ஆண் வாரிசு வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்து சந்தையிலும் இரயில் நிலையத்திலும் காப்பக வாசலிலும் இக்குழந்தைகளைக் கிடத்தின. குழந்தையைக் கைவிடுவது குற்றம் என்பதால் பெற்றவர்கள் தம் பெயரை எங்கும் பதியவில்லை. அதனால்தான் இன்று முப்பது வயதைத் தொடும் அப்பெண்கள் தம் வேரைத் தேட ஏட்டை விட்டு மரபணுச் சோதனையை நம்ப வேண்டியிருக்கிறது.

கைவிடப்பட்ட குழந்தை என்ற அந்தச் சொல்லே எல்லா நேரத்திலும் உண்மையாக இருக்கவில்லை. தத்தெடுக்கும் வெளிநாட்டுக் குடும்பம் காப்பகத்துக்குச் சுமார் 3,000 டாலர் நன்கொடை தரவேண்டும் என்ற விதி இருந்தது. ஒரு சிற்றூர்க் காப்பகத்துக்கு அது பெருந்தொகை. ஹுனான் மாநிலத்தின் ஹெங்யாங் பகுதியில் காப்பகங்கள் குழந்தைகளை விலைகொடுத்து வாங்கிய செய்தி 2005இல் வெளியாகி, மறு ஆண்டு பலர் தண்டிக்கப்பட்டார்கள். அதே மாநிலத்தின் லோங்ஹுய் மாவட்டத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே குழந்தைகளைப் பறித்துச் சென்றதை 2011இல் சீன இதழ் ஒன்றே அம்பலப்படுத்தியது. வறுமை மட்டுமே குழந்தைகளை அனுப்பியது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பேரிடி.

பதில் – கரைமேடு

முந்தைய பதிலோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: இது சீனாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்கா 2004இல் ஏறத்தாழ 23,000 வெளிநாட்டுக் குழந்தைகளை ஏற்றது. 2023 நிதியாண்டில் அந்த எண்ணிக்கை சுமார் 1,300. குவாதமாலா, எத்தியோப்பியா என்று ஒவ்வொரு கதவாக அடைபட்டது. ரஷ்யா 2013இல் அமெரிக்கர்களுக்கு மட்டும் தடை விதித்தது; அது குழந்தை நலனைவிட அரசியல் பழிவாங்கலோடு அதிகம் தொடர்புடையது என்பதால் இந்தக் கணக்கில் சேர்க்கத் தயங்குகிறேன்.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது தென்கொரியா. பெற்றோர் உயிரோடிருந்தும் அனாதை என்று பதிவேட்டில் எழுதப்பட்டதையும், அனுப்பவேண்டிய குழந்தை இறந்தாலோ பெற்றவரிடம் திரும்பினாலோ வேறொரு குழந்தை அதே பெயரில் அனுப்பப்பட்டதையும் அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் மனித உரிமை மீறல் என்று அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் மன்னிப்புக் கேட்டார். பெறும் நாடுகளும் இதே கேள்வியைத் தம்மைப் பார்த்துக் கேட்கத் தொடங்கிவிட்டன. இலங்கை, வங்கதேசம் உள்ளிட்ட நாடுகளிலிருந்து குழந்தைகள் வந்த முறையை ஆராய்ந்த குழுவின் அறிக்கைக்குப்பின் நெதர்லாந்து 2021இல் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. பிறகு மீண்டும் திறந்து, 2024இல் படிப்படியாக முடித்துக்கொள்ளத் தீர்மானித்தது.

பதில் – ஆலமரத்தடி

இருவரும் சொன்னது சரி; ஆயினும் நிறுத்தியதால் யாருக்கு இழப்பு என்பதை நீங்கள் கடந்துபோய்விட்டீர்கள். கடைசி ஆண்டுகளில் சீனாவிலிருந்து வெளிநாடு போனவர்களில் பெரும்பாலோர் இதயக் குறையோ, பிளவுபட்ட அண்ணமோ, மனவளர்ச்சிக் குறைபாடோ உள்ளவர்கள். உடல்நலமுள்ள சிறு குழந்தைக்கு உள்நாட்டிலேயே தம்பதிகள் காத்திருக்கிறார்கள்; இக்குழந்தைகளுக்கு அப்படி வரிசை இல்லை. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பை நெறிப்படுத்தும் 1993 ஹேக் உடன்படிக்கை உள்நாட்டில் தகுந்த குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்கச் சொல்கிறதே தவிர, கிடைக்காத குழந்தையைக் காப்பகத்திலேயே விட்டுவிடச் சொல்லவில்லை. கொரோனாவால் 2020இல் பயணம் நின்றபோது குடும்பம் குறிக்கப்பட்டு, புகைப்படமும் பெயரும் பரிமாறப்பட்ட நிலையில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இருந்தார்கள். அறிவிப்பு அவர்களுக்கும் விலக்கு தரவில்லை. முறைகேட்டை ஒழிப்பது வேறு, நடுவழியில் நிற்கும் குழந்தையைக் கைவிடுவது வேறு.

நெய்தல்

நன்றி. பிறப்பு விகிதத்தை வைத்து எழுதிய செய்திகள் இவ்வளவையும் மறைத்துவிட்டன. ஆலமரத்தடி அவர்களே, உள்நாட்டில் இத்தகைய குழந்தைகளை ஏற்கும் குடும்பங்களுக்குச் சீன அரசு மருத்துவச் செலவில் உதவுகிறதா? தெரிந்தால் எழுதுங்கள்.