சமூகமும் வளர்ப்பும்தான் நம்மை மனிதராக்குகின்றனவா?

கேள்வி: தேவகோட்டை வாசகர்

பிள்ளை இல்லாத வீட்டார் வேறு வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிக்கொள்ளும் வழக்கம் செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்குப் புதிதன்று. என் ஐயா அப்படி வந்தவர்தான். வந்த வீட்டின் கடனையும் கணக்கையும் கொள்ளியிடும் கடமையையும் தம்முடையவையாகவே ஏற்று வாழ்ந்தவர். ஆகையால் பிறப்பைவிட வளர்ப்பே பெரிது என்ற பேச்சைக் கேட்டே நான் வளர்ந்தேன்.

அண்மையில் காரைக்குடியில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியவர் இதற்கும் மேலே போனார். மனிதரை உண்டாக்குவது சமூகமும் வளர்ப்பும்தான் என்றும், அவை கிடைக்காத உயிர் வடிவத்தால் மட்டுமே மனிதர் என்றும் சொல்லி, ஓநாய்களிடம் வளர்ந்து விலங்குபோல் நடந்துகொண்டதாகச் சொல்லப்படும் வங்காளத்து மிட்னாப்பூர்ச் சிறுமிகள் கமலா, அமலா கதையைச் சான்றாகக் காட்டினார். அரங்கில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். என்னால் முடியவில்லை. உறவுக் குடும்பங்கள் பல சேர்ந்திருக்கும் எங்கள் வளவிலேயே பேச்சு வராத, யார் முகத்தையும் பார்க்காத சிறுவன் ஒருவன் இருக்கிறான். நாம் கற்பிக்கும் எதுவும் அவனிடம் எளிதில் சென்று சேர்வதில்லை. அந்தப் பேச்சாளரின் அளவுகோலை வைத்தால் அவன் யார்? இத்துறை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: காரைக்குடி உளவியல் ஆசிரியர்

ஐயா, முதலில் மிட்னாப்பூர் கதையை ஒதுக்கிவிடலாம். 1920-இல் அவ்விரு சிறுமிகளையும் ஓநாய்க் குகையிலிருந்து மீட்டதாகச் சொன்னவர், அங்கே அநாதை இல்லம் நடத்திய பாதிரியார் சிங். ஓநாய்களோடு அவர்கள் வாழ்ந்ததற்கு நமக்கு இருக்கும் முதன்மைச் சான்று அவருடைய நாட்குறிப்பு மட்டுமே. இருட்டில் அவர்களுடைய கண்கள் நீல ஒளி வீசின என்று, மனிதக் கண்ணால் இயலாத ஒன்றையும் அது சொல்கிறது. அமலா 1921-இலும் கமலா 1929-இலும் இறந்துபோனார்கள். பிறவியிலேயே குறைபாடு கொண்டிருந்து பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளாக அவர்கள் இருந்திருக்கலாம் என்று பின்னாளைய ஆய்வாளர்கள் பலர் கருதினார்கள். அப்படியானால், உதவி தேவைப்பட்ட இரண்டு குழந்தைகளை விலங்கு என்று முத்திரை குத்திய கதையைத்தான் நாம் நூறாண்டாக மேடைகளில் சொல்லி வருகிறோம். எனக்கு இது பெரும் வருத்தம் தருகிறது.

நம்பத்தக்க சான்றுகள் வேறு இருக்கின்றன. 1931-இல் அமெரிக்க உளவியலாளர் வின்த்ரோப் கெல்லாக், குவா என்ற சிம்பன்சிக் குட்டியைத் தம் மகனோடு சேர்த்து, ஒரே உடை, ஒரே கொஞ்சல், ஒரே கண்டிப்பு என்று ஒன்பது மாதம் வளர்த்தார். தொடக்கத்தில் சொன்னதைக் கேட்டு நடப்பதில் குவா அந்தக் குழந்தையை முந்தியது. ஆனால் ஒரு சொல்கூடப் பேசவில்லை. மாறாக, குழந்தைதான் சிம்பன்சியின் ஒலிகளைப் பார்த்துச் செய்யத் தொடங்கியது. வளர்ப்பு மட்டும் போதுமென்றால் குவா பேசியிருக்க வேண்டும்.

மறுபுறம், வளர்ப்பு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை ருமேனியா காட்டியது. 1989-இல் செளஷெஸ்கு ஆட்சி வீழ்ந்தபோது அந்நாட்டின் காப்பகங்கள் குழந்தைகளால் நிரம்பியிருந்தன. புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் 136 காப்பகக் குழந்தைகளில் பாதிப் பேர், குலுக்கல் முறையில், வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படிச் சென்றவர்கள் அறிவுத்திறனிலும் பாசப் பிணைப்பிலும் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்களிடம் இந்த முன்னேற்றம் பலவற்றில் கூடுதலாகத் தெரிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் காப்பகங்களில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை என்பதுதான். பக்கத்துக் கட்டிலில் குழந்தைகள் இருந்தார்கள். முறை வைத்து மாறி மாறி வரும் பணியாளர்களும் இருந்தார்கள். தன் அழுகைக்குத் திரும்பிப் பார்க்கும், நாளையும் வரப்போகும் ஒரே முகம்தான் இல்லை. சமூகம் என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. உங்கள் ஐயாவுக்குக் கிடைத்தது அந்த முகம் என்றே நினைக்கிறேன்.

மறுமொழி 2: கண்டனூர் சிறப்பாசிரியை

நான் காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிப்பவள். குன்றக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சிறுமி ஒன்பது வயதில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தாள். வீட்டில் எவருக்கும் சைகை மொழி தெரியாது. “இதுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்” என்றுதான் அவள் தாயார் சொன்னார். ஆனால் அந்தச் சிறுமி தானாகவே சைகைகள் உண்டாக்கி வைத்திருந்தாள். காது மடலைத் தொங்கவிட்டுக் காட்டினால் அப்பத்தா. தோளில் எதையோ தாங்கி ஆடினால் பங்குனி உத்திரக் காவடி. அப்பத்தாவோடு திருவிழாவுக்குப் போனதையும் கூட்டத்தில் கை விட்டுப்போனதையும் பயந்ததையும் வரிசை மாறாமல் எனக்கு அவள் சொல்லிக் காட்டினாள். அவளைச் சமூகம் இன்னும் மனிதராக்கவில்லை என்று யாரேனும் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். தனக்குள் இருந்ததைக் கொண்டு சமூகத்தை நோக்கி அவள் கை நீட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் இருந்தவர்களுக்குத்தான் அது புரியவில்லை.

இதைப் பெரிய அளவில் காட்டியது நிகராகுவா. அந்நாட்டுத் தலைநகர் மனாகுவாவில் 1970களின் இறுதியில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி விரிவடைந்தபோது, ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கத்தான் கற்பித்தார்கள். அது பெரும்பாலும் பலிக்கவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் பிள்ளைகள் தத்தம் வீட்டுச் சைகைகளை ஒன்றோடொன்று கலந்து புது மொழியையே உருவாக்கிவிட்டார்கள். 1986-இல் மொழியியலாளர் ஜூடி கெகல் அங்கே சென்று அதை ஆராயத் தொடங்கினார். பின்னர் வந்த சிறு பிள்ளைகள், மூத்தவர்களிடம் கற்றதைவிட நுட்பமான இலக்கணத்தை அதில் சேர்த்தார்கள் என்பதுதான் வியப்பு. எந்தப் பெரியவரும் அந்த இலக்கணத்தை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதே வேளையில், தனித்தனி வீடுகளில் அடைந்து கிடந்தவரை அவர்களுள் எவருக்கும் அது முழு மொழியாக வளரவுமில்லை. கூட்டாளிகள் கிடைக்காமலே வயதுக்கு வந்துவிட்டவர்களுக்குப் பிற்பாடு அந்த இலக்கணம் முழுமையாகக் கைகூடவில்லை.

தேவகோட்டை ஐயா சொன்ன சிறுவனைப் பற்றி ஒரு சொல். அவன் முகம் பார்ப்பதில்லை என்பதால் நம்மைக் கவனிப்பதில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த ஒலிக்கு அவன் திரும்புகிறான், எந்த இடத்தில் அமைதியடைகிறான், யார் பக்கத்தில் வந்து உட்காருகிறான் என்று வீட்டார் பார்க்கட்டும். பேச்சுப் பயிற்சியாளரையும் குழந்தை மருத்துவரையும் தாமதமின்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அவனை மனிதனாக்க வேண்டியதில்லை. அவனுக்குச் சேர வேண்டியது சேரவில்லை, அதைத்தான் நாம் சேர்க்க வேண்டும்.

மறுமொழி 3: பள்ளத்தூர் முதியவர்

வளர்ப்பின் வலிமையை நான் மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள் வட்டிக்கடையில் எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையன்களாக ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறினார்கள். 320-இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பின்ன வாய்பாட்டை மனப்பாடமாக வைத்திருந்த அவர்களைக் கணக்கராகவும், முகவருக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாகவும் ஆக்கியது அந்தக் கடைகள் இயங்கிய கிட்டங்கியின் ஒழுங்குதான்.

ஆனால் நம்மை வளர்த்த அதே சமூகம், யாரை வீட்டு முகப்புக்கு மேலே ஏறவிடக் கூடாது என்பதையும், பால்ய விதவை வீட்டின் எந்தக் கட்டுக்குள் ஒடுங்கியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்பித்தது. நல்ல வளர்ப்பு என்று அன்று பெயர் பெற்றதும் அதுதான். அந்த வளர்ப்பில் வந்த சொ. முருகப்பாவும் மரகதவல்லி அம்மையாரும் அதை மீறி மறுமணம் செய்துகொண்டார்கள். 1930களில் காரைக்குடியிலிருந்து ‘மாதர் மறுமணம்’ என்று ஓர் இதழையே நடத்தினார்கள். வளர்ப்புத்தான் மனிதரை ஆக்குகிறது என்றால், வளர்ப்புக்கு எதிராக அவர்கள் நின்றது எந்த வலிமையில்? உளவியல் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

மறுமொழி 4: காரைக்குடி உளவியல் ஆசிரியர்

பள்ளத்தூர் ஐயாவின் கேள்விக்கு எளிய விடை சொல்ல ஆசைதான். உதவுபவரையும் தடுப்பவரையும் பொம்மைகளாகக் காட்டியபோது, ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் உதவுபவரையே விரும்பினார்கள் என்று 2007-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கூறியது. நியாய உணர்வு பிறவியிலேயே உண்டு என்று பலரும் மகிழ்ந்தோம். ஆனால் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து நடத்தி 2024-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் அந்த விருப்பம் தென்படவில்லை. ஆகவே அதன்மேல் நான் எதையும் கட்ட மாட்டேன்.

ஒன்று மட்டும் தெளிவு. மறுமணம் செய்தவர்களும் தனியாக நிற்கவில்லை. முருகப்பாவும் நண்பர்களும் சேர்ந்து அமைத்த இந்து மதாபிமான சங்கம் 1917-இலேயே காரைக்குடியில் தோன்றியிருந்தது. 1919-இல் பாரதியார் அங்கே வந்து தங்கினார். பிறந்த சமூகத்துக்குள்ளேயே இன்னொரு சமூகத்தை அவர்கள் கட்டிக்கொண்டார்கள். மனாகுவாப் பிள்ளைகள் மொழியில் செய்ததை இவர்கள் அறத்தில் செய்தார்கள் என்பது என் துணிபு.

கேள்வி கேட்டவர்: தேவகோட்டை வாசகர்

மூவருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தில் மிட்னாப்பூர் கதையை இனிச் சான்றாகக் காட்ட வேண்டாம் என்று காரணத்தோடு எடுத்துச் சொல்லப்போகிறேன். ஆசிரியை அவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வந்து பேச இயலுமா? சிறுவனின் தாயாரிடம் உங்கள் மறுமொழியைப் படித்துக் காட்டினேன். அவன் நாள்தோறும் மாலையில் தம் அருகில், சற்றுத் தள்ளி, வந்து உட்காருவதாக அவர் சொல்கிறார். பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்கிறார்.