வெளிநாட்டுக் காசு நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த கதை: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஊத்தங்கரை வாத்தியார்:

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. நேற்று பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது 1995இல் எழுதிய ஒரு செலவு நோட்டு கிடைத்தது. சார்ட் பேப்பர் 12, ஸ்கெட்ச் பேனா ஒரு டப்பா, பசை, நைலான் கயிறு, கத்தரிக்கோல் 1. மொத்தம் ஐந்நூறு ரூபாய்க்குக் கணக்கு. அதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

இளைய தலைமுறைக்கு ஒரு சின்ன முன்கதை. 1994இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம், அதுதான் டிபிஇபி, வந்தது. பெண்களின் எழுத்தறிவு தேசிய சராசரியைவிடக் குறைவாக இருந்த மாவட்டங்களாகப் பொறுக்கினார்கள். முதல் சுற்றில் எங்கள் தர்மபுரி (அப்போது ஊத்தங்கரையும் அதற்குள்தான்), திருவண்ணாமலை, பழைய தென்னாற்காடு எல்லாம் வந்தன. நூற்றுக்கு 85 ரூபாய் மத்திய அரசு, 15 மாநில அரசு. அந்த 85க்குப் பின்னால் எங்கள் பக்கம் உலக வங்கி; வேறு மாநிலங்களில் பிரிட்டன், ஐரோப்பிய சமூகம், நெதர்லாந்து. பள்ளிக்கு வருஷம் இரண்டாயிரம், ஆசிரியருக்கு ஐந்நூறு. இப்போது கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதுவரை ஒரு சாக்பீஸ் டப்பாவுக்குக்கூட நாங்கள் யாரிடமாவது பல்லைக் காட்ட வேண்டியிருந்தது. என் கையில் காசு கொடுத்து, உனக்கு என்ன வேண்டுமோ வாங்கிக்கொள் என்று என் வேலைக்காலத்தில் முதன்முதலாகச் சொன்னது அந்தத் திட்டம்தான். எனக்குக் கட்டடத்தைவிட அதுதான் பெரிசு.

கட்டடமும் வந்தது. கிராமக் கல்விக் குழுவே கட்டியது, கான்ட்ராக்டர் கிடையாது. கொத்தனார் எங்கள் நாலாம் வகுப்புப் பையனின் சித்தப்பா. ஒருநாள் கலவையில் சிமெண்ட் குறைகிறது என்று ஒரு அம்மா கலவைச் சட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு விடவே இல்லை. சுவருக்குத் தண்ணீர் ஊற்ற முறை போட்டுக்கொண்டு குடத்தோடு வந்தார்கள்.

சரி, முக்கியமான சம்பவத்துக்கு வருகிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவை கூட்டு ஆய்வுக் குழு என்று கிளம்பும், பணம் கொடுக்கிறவர்களும் டெல்லிக்காரர்களும் சேர்ந்து. ஒரு தடவை எங்கள் பள்ளிக்கும் இரண்டு ஜீப் வந்தது. வாசலில் கோலம், கையில் பூ, தெரிந்ததுதானே. ஒரு வெள்ளைக்கார அம்மா நாற்காலியில் உட்காரவில்லை, நேராகத் தரையில் மூன்றாம் வகுப்புப் பெண் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். படி என்றதும் பெண் கணீரென்று படித்தாள். அதிகாரி, நன்றாகப் படிக்கிறாள் என்று மொழிபெயர்த்தார். அந்த அம்மாவுக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அந்தப் பெண், புத்தகத்தில் பக்கம் முடிந்தும் திருப்பாமல் சொல்லிக்கொண்டே போவதைக் கவனித்துவிட்டார். மெதுவாக விரலை வைத்து நடுவில் ஒரு சொல்லைக் காட்டினார். பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

திட்டவில்லை. என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: போன மாதம் எத்தனை நாள் இந்த அறையில் பாடம் எடுத்தீர்கள்? எண்ணிச் சொன்னேன். பயிற்சி, கூட்டம், கணக்கெடுப்பு, புள்ளிவிவரப் படிவம் போக மிச்சம் பதினொன்று. அந்தக் கூட்டத்திலும் பயிற்சியிலும் பாதி அதே திட்டத்துக்காக நடந்தவை. அவர் குறித்துக்கொண்டார். அடுத்த மாதமும் கூட்டம் இருந்தது.

ராமநாதபுரத்து ரசிகன்:

ஐயா, எனக்கு உங்களைவிட வயசு கூட இருக்கும். நான் படித்தது டிபிஇபிக்கெல்லாம் ரொம்ப முன்னால், கேர் உப்புமா காலம். காமராஜர் மதிய உணவை ஆரம்பித்தது ஐம்பதுகளில், அறுபதுகளில் அமெரிக்கக் கேர் நிறுவனம் அதில் கை கோத்தது. 1954இல் அவர்கள் போட்ட பி.எல். 480 சட்டப்படி, அவர்கள் நாட்டில் தின்று தீராமல் கிட்டங்கியில் கிடந்த தானியம் நமக்கு வந்தது. தர்மமா வியாபாரமா என்று காலேஜில் போய்ச் சண்டை போட்டேன். மூன்றாம் வகுப்பில் அந்தக் கேள்வியெல்லாம் இல்லை. பதினொன்றரை மணிக்கு அந்த எண்ணெய் காயும் வாசனை வரும், கடலை எண்ணெய் மாதிரியும் இல்லை, நல்லெண்ணெய் மாதிரியும் இல்லை. அதற்கப்புறம் வாய்ப்பாடு எவன் காதில் ஏறும்?

உப்புமா மஞ்சளாக இருக்கும், ஆறினால் கட்டி தட்டிப்போகும், அலுமினியத் தட்டைக் கவிழ்த்தாலும் விழாது. ஆனாலும் காலையில் வராத பயல்கள் மதியம் சரியாக வந்துவிடுவான்கள். சாக்கில் இரண்டு கை குலுக்குகிற படமும் விற்கக் கூடாது என்று இங்கிலீஷும் இருக்கும். காலிச் சாக்குக்கு ஊரில் ஏக கிராக்கி. என் சிநேகிதன் ஒருவன் அந்தத் துணியில் தைத்த டவுசர் போட்டு வந்தான், பின்பக்கம் சரியாக நடுவில் கை குலுக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் டின் எங்கள் வீட்டில் என் தங்கச்சி கல்யாணம் வரைக்கும் தண்ணீர் மொள்ளும் வாளி. 1982இல் எம்ஜிஆர் சத்துணவு வந்து பிள்ளைகள் சோறும் சாம்பாரும் சாப்பிட்டபோது, எங்களுக்கு வாய்க்கவில்லையே என்று நான் பொறாமைப்பட்டது உண்மை.

ஹட்டன் பக்கத்து டீச்சர்:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் இலங்கை மலையகம். எங்கள் தோட்டத்துப் பாடசாலை என்றால் ஒரு நீளமான மடுவம் (கொட்டகை), தகரக் கூரை, ஒரே ஒரு சேர் (வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்), ஐந்து வகுப்பு. மழை பெய்தால் அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். எழுபதுகளில் அரசாங்கம் பொறுப்பெடுத்த பிறகும் எங்கள் பக்கம் கனகாலம் பெரிய மாற்றம் இல்லை. எண்பதுகளில் சுவீடன் அரசின் உதவி அமைப்பான சீடாவின் உதவி வந்த பிறகுதான் கல் வைத்துக் கட்டிய வகுப்பறையைப் பார்த்தோம். இன்றைக்கும் பழைய ஆட்கள் "சீடா பில்டிங்" என்றுதான் சொல்வார்கள், சுவீடன் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது.

ஆனால் என் வாழ்க்கையை மாற்றியது பத்தனையில் ஜெர்மன் உதவி அமைப்பான ஜிடிஇசட் துணையோடு எழும்பிய ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிதான். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்த பிள்ளைகள் ஆசிரியர் பயிற்சி எடுத்து அதே தோட்டத்துக்குத் திரும்பினோம். நான் முதல்நாள் சேலை கட்டிப் போனபோது கொழுந்துக் கூடையோடு போன ஒரு அக்கா நின்று பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுப் புள்ளையா டீச்சர்?" என்று கேட்டார். அம்மாவிடம் சொன்னேன், அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை, இரவுக்கு மட்டும் முட்டை பொரித்தார்.

எல்லாம் இனிப்பில்லை. பெயர் வேண்டாம், ஒரு வெளிநாட்டு அமைப்பு எங்களுக்கு நாலு கம்ப்யூட்டர் தந்தது. கரண்ட் இல்லை ஐயா. படம் எடுத்தார்கள், ஒரே பிள்ளையை மூன்று இடத்தில் நிறுத்தி.

சின்ன சேலம் மிஸ்:

அண்ணே, அக்கா, நான் செயல்வழிக் கற்றல் காலத்து ஆள், பிள்ளைகள் அட்டை அட்டையாகத் தங்கள் வேகத்தில் படிக்கும் முறை அது. ஆந்திரா மதனப்பள்ளிப் பக்கம் ரிஷிவேலியில் உருவான அட்டை முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. யுனிசெஃப் கூட நின்றது. பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் தன் படத்தைக் கண்டுபிடித்து, தட்டிலிருந்து அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே சங்கடம், ஒரு அட்டை தொலைந்தால் அந்தப் படியில் நாலு பிள்ளை வரிசையில் நிற்கும். கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் நானே எழுதி ஒட்டிவிடுவேன். ஒரு குழந்தை "லட்சுமி வெட்ஸ்" என்பதையும் பாடம் என்று படித்தது.

ஐயாவுக்கு ஒரு கேள்வி: நோட்டில் நைலான் கயிறு எதற்கு?

ஊத்தங்கரை வாத்தியார்:

பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடம்மா. உங்கள் செயல்வழி வகுப்பில் பிள்ளைகளின் வேலையை மாட்டக் கம்பிப் பந்தல் இருக்குமே, அதே வேலைதான், எங்களுக்குக் கம்பி வாங்கக் காசு போதவில்லை.

ரசிகன் அண்ணே, அந்தக் கை குலுக்கும் சாக்கு யாரிடமாவது இருந்தால் ஒரு படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள். டவுசர் வேண்டாம்.