கவுண்டஸ்: 'ஆளும் சிற்றரசி'யா, 'உரிமைச் சிற்றரசி'யா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இடைக்கால ஐரோப்பாவில் ஒரு சிறு நாட்டை ஆண்ட பட்டத்தார் கவுண்ட்; பெண்ணானால் கவுண்டஸ். கவுண்டின் மனைவிக்கும் அதே பெயர்தான். இவற்றுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த கேள்வி இது:

> கணவர் வழியாக இல்லாமல் தன் பெயரிலேயே பட்டம் பெற்ற கவுண்டஸுக்கு 'ஆளும் சிற்றரசி' போதுமே?

போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஃபிளாண்டர்ஸின் ஜோனையும் அவர் குடும்பத்தையும் எடுத்துக்கொள்வோம்.

அவர் தந்தை பால்ட்வின், ஃபிளாண்டர்ஸ், எய்னோ (இன்றைய பெல்ஜியம், வட பிரான்ஸ் பகுதிகள்) இரண்டுக்கும் கவுண்ட். நான்காம் சிலுவைப்போருக்குப் போனவர் 1204-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பேரரசராக முடிசூடினார். அடுத்த ஆண்டே பல்கேரியரிடம் பிடிபட்டார். ஊர் திரும்பவே இல்லை. தாய் மரி அதற்கு முன்பே ஆக்ரேவில் இறந்துவிட்டார். ஆக, சின்னஞ்சிறு பெண்ணுக்கு இரண்டு நாடுகள் வந்து சேர்ந்தன. நிர்வாகம் சித்தப்பா நமூர் பிலிப்பின் கையில். அவரோ அண்ணன் மகள்கள் இருவரையும் பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப்பிடம் ஒப்படைத்துவிட்டார். அந்த ஆண்டுகளில் ஜோன் எதையும் ஆளவில்லை. உரிமை மட்டும் அவருடையது.

இதற்கு நேர்மாறானவர் ஜோனின் தாய்மாமன் மனைவி, ஷாம்பெயின் நாட்டு பிளாஞ்ச். கணவர் மூன்றாம் தியோபால்ட் 1201-இல் இறந்தபின் 1222 வரை நாட்டை நடத்தியவர் இவர்தான், அதுவும் வெகு திறமையாக. ஆனால் உரிமை மகனுடையது. இவர் அரசப் பிரதிநிதி. 'ஆளும் சிற்றரசி' என்று வைத்தால் பிளாஞ்ச் உள்ளே வந்துவிடுவார், சிறுமி ஜோன் வெளியே போய்விடுவார்.

அதனால் என் பரிந்துரை 'உரிமைச் சிற்றரசி'. கவுண்டின் மனைவிக்குச் 'சிற்றரசர் தேவி' பொருந்தும். தேவி என்பது நம் கல்வெட்டுகளிலேயே உள்ள சொல்தான்.

ஜோனின் பிற்கால வாழ்க்கையும் இதற்கே வலுச் சேர்க்கிறது. 1212-இல் போர்த்துக்கல் இளவரசர் பெரானை மணந்தார். பெரான் 1214-இல் புவீன் போரில் சிறைப்பட்டு 1227 வரை பிரான்சில் அடைபட்டுக் கிடக்க, ஜோன் தனியாக ஆண்டார். 1225-இல் ஒரு துறவி, தானே பால்ட்வின் என்று கிளம்பினார். தந்தை உயிரோடிருந்தால் மகளுக்கு ஏது பட்டம்? பல நகரங்கள் அந்த ஆள் பக்கம் சாய்ந்தன. பிரெஞ்சு அரசர் எட்டாம் லூயி விசாரித்தபோது பொய் வெளிப்பட்டது. கடைசியில் அவரை லீல் நகரில் தூக்கிலிட்டார்கள். ஜோனின் ஆட்சித்திறமையை யாரும் கேள்வி கேட்காமலே, உரிமையை அசைத்தால் எல்லாம் போய்விடும் என்ற நிலை அது.

1233-இல் பெரான் இறந்தார்; ஜோனின் பட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 1244-இல் ஜோன் பிள்ளையின்றி இறந்தபோது, இரண்டாம் கணவர் சவோய் தாமஸ் பட்டத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. நாடு தங்கை மார்கரெட்டுக்குப் போனது. எனவே பெரானையும் தாமஸையும் 'மனைவிவழிச் சிற்றரசர்' என்று குறிக்கலாம்.

---

ஐயா, 'உரிமைச் சிற்றரசி' எனக்கும் சம்மதம். மார்கரெட்டிடம் மட்டும் ஒரு சிக்கல். அவர் ஃபிளாண்டர்ஸில் மகன் கீயையும் கவுண்டாகச் சேர்த்துக்கொண்டு ஆண்டார். அந்தக் காலத்தில் இருவரில் யாருக்கு எந்தச் சொல்?

---

மார்கரெட் 1278-இல் விட்டுக்கொடுக்கும்வரை உரிமைச் சிற்றரசிதான். கீக்கு அதுவரை 'இணைச் சிற்றரசர்', அப்புறம் வெறும் 'சிற்றரசர்'. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் நான்கு சொற்களையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.